தள்ளிச் சொன்ன இரண்டு மாதம்

ஆனைச்சரிவு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு அடுத்தாற்போல் ஒரு சிறிய அறை உண்டு. அதற்கு இருந்த ஒரே ஜன்னலையும் கம்பளி போட்டு அடைத்திருந்தார்கள். அறையின் நடுவே மேசைமீது ஒரு தேயிலைப் பெட்டி. கப்பலேறிச் சீமைக்குப் போகிற அதே பலகைப் பெட்டிதான். உட்புறம் ஈயத்தாள் ஒட்டி, பஞ்சு பரப்பி, நாலு ஓரத்திலும் வெந்நீர் புட்டிகளைத் துணி சுற்றி நிறுத்தியிருந்தார்கள். அதற்குள்ளே பூமாரியின் மகன் படுத்திருந்தான். பிறந்து முப்பத்தெட்டு நாளாகியும் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரி முழுவதும் அவனைப் 'பெட்டிக்காரன்' என்றே அழைத்து வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நர்ஸ் அன்னமேரியம்மாள் குழந்தையைத் துணியோடு தூக்கித் தராசுத் தட்டில் கிடத்தினார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து மலைக்கு வந்து பதினோரு வருடமாகியும் ஊர்ப் பேச்சை விடாதவர் அவர்.

"ஆயிரத்து எழுநூத்தி இருபது. நேத்தைக்கு மேல பதினெட்டு கிராம் கூடுதல். கள்ளன், நல்லா தின்னுகான் மக்ளே."

பூமாரி கொழுந்து எடுக்கிறவள். எடை போடும் கொட்டகையில், கூடைக்கு அரைக் கிலோவை ஈரக் கழிவு என்று தள்ளி எழுதுவதைப் பத்து வருடமாகப் பார்த்து வந்தவள். பதினெட்டு கிராம் என்பது ஒரு கைப்பிடிக் கொழுந்துகூட ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பதினெட்டை விரல்விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

"எப்ப வீட்டுக்கு விடுவீக நர்ஸம்மா?"

"ரெண்டே கால் கிலோ ஆவட்டும். டாக்டர் சார் சொன்ன கணக்கு அது. இப்பிடியே ஏறுனா இன்னும் ஒரு மாசம்."

"லீவு இன்னும் நாலு நாளுதான இருக்கு."

அன்னமேரியம்மாள் கண்ணாடிச் சொட்டுக் குழாயை எடுத்துச் சுடுதண்ணீரில் அலசத் தொடங்கினார். பதிலில்லாத கேள்வி வரும்போதெல்லாம் அவர் எதையாவது அலசுவார்.

இந்த நாலு நாள் கணக்கு எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

ஆனைச்சரிவு லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பெண்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. அதைத் தவறு என்று அவர்கள் யாரும் நினைத்ததில்லை. பிள்ளை உண்டானால் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் பெயர் எழுத வேண்டும். புத்தகப்படி ஆறு மாதம் முடிந்ததும் மலையிலிருந்து இறக்கி, நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்புகிற சில்லறை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே நாள் சம்பளம் உண்டு. ஆனால் அளவுக்கு மேல் எடுக்கிற கொழுந்துக்குத் தருகிற கூடுதல் கிலோக் காசு கிடையாது. சித்திரையிலும் வைகாசியிலும் கோடை மழை விழுந்து கொழுந்து பொங்கி வருகிற சமயத்தில், அந்தக் கூடுதல் காசுதான் வருடத்துக் கடனை அடைக்கும். ஆகவே சீசனுக்கு முன்னால் வயிற்றில் வாங்கியவர்கள் எல்லோரும் மாதத்தை இரண்டு தள்ளிச் சொல்வார்கள். நர்ஸம்மா சொன்னதை எழுதிக்கொள்வார். குழந்தை பிறக்கும்போது, புத்தகப்படி இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தை கொழுகொழுவென்று மூன்று கிலோ இருக்கும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துப் படிக்கிறவர் யாரும் இல்லாததால் இந்த ஏற்பாடு வெகுகாலம் சுகமாக நடந்து வந்தது.

பூமாரிக்கு நிஜக் கணக்குப்படி வைகாசி நடுவில் பிரசவம். அவள் சொல்லி எழுதியது ஆடி. ஆனால் பங்குனி மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை, எட்டாம் நம்பர் மலையில் முதுகில் பாதிக் கூடையோடு நின்றபோது, அவளுக்கு நீர் உடைந்துவிட்டது. நிஜக் கணக்கில் அது ஏழு மாதப் பிள்ளை. புத்தகக் கணக்கில் ஐந்து மாதம். ஐந்து மாதத்தில் வெளியே வந்ததை ஆபீஸ் கலைந்த கணக்கில்தான் எழுதும். கலைந்ததற்கு ஆறு வாரம் லீவு. அந்த ஆறு வாரம் வருகிற வியாழக்கிழமையோடு முடிகிறது.

பெரிய கிளார்க் ஐயாவிடம் அவள் ஏற்கனவே போய் நின்றிருந்தாள். மலையாளம் கலந்த தமிழ் பேசும் தொடுபுழைக்காரரான அவர் கடுமையான மனிதர் அல்லர். பேரேட்டைத் திருப்பி அவளுக்கே காட்டினார், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதை மறந்து.

"நோக்கு பூமாரி. அஞ்சு மாசம்னு எழுதியிருக்கு. அஞ்சு மாசக் குழந்தை ஜீவிக்காது. ஜீவிச்சால் அது அஞ்சு மாசம் அல்ல. ரெண்டில் ஒண்ணு பொய்."

"பிள்ள உசுரோட இருக்குதே ஐயா."

"அதுதான் குழப்பம். மாசம் தெகையாமல் பெத்தவளுக்கு ஒரு மாசம் கூடுதல் லீவு சட்டத்தில் உண்டு. டாக்டர் ஒப்பு, கையெழுத்து, வேணும். புத்தகத்துக்கு விரோதமாய் டாக்டர் ஒப்பு போடுமோ? புத்தகம் தெற்று, தப்பு என்றால், எழுதினது யார் என்று கேட்கும். அந்த நர்ஸோட பணி போகும்."

"லீவு முடிஞ்சும் நா வரலேன்னா?"

"பத்து நாள் பார்க்கும். பிறகு பேரு வெட்டும். பேரு போனால் லயத்து வீடும் போகும்." கிளார்க் ஐயா பேரேட்டை மெதுவாக மூடினார். "நான் வெட்டுறது இல்லை. சட்டம் வெட்டுறது."

அந்த ஞாயிறு மத்தியானம் சுருளிவேல் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தான். கம்பத்துப் பக்கத்திலிருந்து பூமாரியைக் கட்டிக்கொண்டு மலையேறியவன். ஆறு வருடமாகத் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலையில் தற்காலிக ஆளாகவே இருந்தான். கவ்வாத்து முடிந்தால் அவனுக்கு வேலையும் முடிந்தது. வீடு பூமாரியின் பெயரில் இருந்தது. அரிசிச் சீட்டு, விறகுச் சீட்டு எல்லாம் அவள் பெயரில்தான். அதை அவன் வெளியே சொல்லிக் குறைப்பட்டதில்லை. ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்தே நுழைவான். நிலைப்படி அவ்வளவு தாழ்வு இல்லை.

"ஏ புள்ள, எல்லாக் கணக்கும் போட்டுப் பாத்துட்டேன்," என்று வராந்தாவில் குந்தினான். "வெள்ளிக்கெழம நீ வேலைக்குப் போயிரு. நா இங்கன இருந்துக்கிர்றேன்."

"ஆம்பளைய உள்ள விடுவாகளா மாமா?"

"உள்ள எதுக்கு? வராந்தாவுல கெடப்பேன். வெந்நி வச்சுத் தாரேன். துணி தொவைக்கிறேன். ராத்திரி நீ வந்துரு."

"பாலு?"

சுருளிவேல் காதோரம் சொறிந்தான்.

"அதத்தான் நெனைக்காம விட்டுட்டேன்."

பூமாரிக்கு அத்தனை துயரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சுட்ட கருவாட்டைக் கடித்துக்கொண்டு அவள் கஞ்சியைக் குடித்தாள். பால் ஊற வேண்டுமே என்று, பசியில்லாமலே முழுச் சட்டியையும் குடித்தாள்.

"வீடு போனாப் போவுது புள்ள," என்றான் அவன், சட்டியை வாங்கிக்கொண்டே. "கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துல குடிசை குடுப்பாக."

"ரெண்டு கிலோ இல்லாத பிள்ளைய அந்தக் குளுருல, ஒழுகுற குடிசையிலயா போடுவீக?"

"சரி, நெசத்தச் சொல்லிப்புடு."

"நர்ஸம்மா வேல போயிருமே. ரெண்டு மணிக்கொருக்க அவுகதான் சொட்டுச் சொட்டா ஊத்திக் காப்பாத்துறாக. அவுகளத் தொலைச்சுட்டு லீவ வச்சு நா என்ன செய்ய?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் வந்து நின்றது. சுருளிவேல் சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனான்.

சாயந்தரம் பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் வந்தாள். மரவள்ளிக் கப்பையை வேகவைத்து, மிளகாயும் உள்ளியும் நசுக்கிக் கொண்டுவந்திருந்தாள். வாசலிலேயே அவள் குரல் கேட்டது.

"ஏட்டி, பெட்டிக்காரன் என்ன சொல்லுதான்?"

"பதினெட்டு கிராம் கூடிருக்கான் மதினி."

"ஈரக் கழிவு போகவா, சேத்தா?"

அன்னமேரியம்மாளே சிரித்துவிட்டார். சாந்தம்மாள் பெட்டியை எட்டிப் பார்த்து, கண் பட்டுவிடாமலிருக்கத் தன் காலடி மண்ணைத் தொட்டு வாசலில் எறிந்துவிட்டு வந்தாள். நர்ஸம்மா மருந்து எடுக்க வெளியே போகும்வரை காத்திருந்தாள். பிறகு குரல் தாழ்ந்தது.

"ஒம் புருசன் கொழாயடியில பொலம்பிக்கிட்டு நின்னான். நெசத்தச் சொன்னா ஒரு மாசம் தருவாகளாமே?"

"கிளார்க்கு ஐயா அப்பிடித்தான் சொன்னாக."

"ஒனக்கு ஒரு மாசம் கெடைக்கும். எனக்கு?"

சாந்தம்மாளின் கை அவளுடைய சேலை முந்தானைக்குள் போயிற்று. அவளுக்கு நிஜத்தில் ஆறரை மாதம், புத்தகத்தில் நாலரை. அவள் புருஷன் பெரியமுத்து, தை மாதம் சவுக்கு மரத்துக் கிளை கழிக்கும்போது விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள்.

"நம்ம லயத்துல மட்டும் நாலு பேரு இருக்கோம் ஏட்டி. ஒன்னையச் சந்தேகப்பட்டா எல்லாரையும் வரிசையா வயித்தத் தொட்டுப் பாப்பாக. நாளைக்கே மண்ணு நெரப்பப் போன்னுருவாக. இந்தச் சீசன் காச நம்பித்தான கட்டில்ல கெடக்குற மனுசனுக்குக் கஞ்சி ஊத்துதேன்."

"நா சொல்லல மதினி."

"சொல்லாதன்னு மட்டும் சொல்லிட்டுப் போக வரல. ஒரு வழி வச்சிருக்கேன். கொழுந்து லாரி ஒரு நாளைக்கி மூணு தரம் பேக்டரிக்கு வருது. பேக்டரிக்கு மேலதான் ஆஸ்பத்திரி. டிரைவர் அழகுமலை எங்க சித்தப்பா மகன். நீ மலையில நின்னு பாலப் பீச்சி அவன்கிட்டக் குடு. அவன் இறக்கிட்டுப் போவான். ஒங் கூடைக்கு நாங்க ஆளுக்கு ரெண்டு பிடி போட்டுருதோம். வேலையும் நடக்கும், பிள்ளையும் குடிப்பான்."

பூமாரிக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. பிடித்தாக வேண்டியிருந்தது. லீவு முடியுமுன் ஒருநாள் நடத்திப் பார்த்துவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அன்னமேரியம்மாளிடம் சொன்னபோது அவர் இரண்டு மருந்துப் புட்டிகளை எடுத்து வெகுநேரம் கொதிக்க வைத்தார்.

திங்கட்கிழமை காலை பூமாரி எட்டாம் நம்பர் மலைக்குப் போனாள். கூடையில்லாமல் மலையேறியது அவளுக்கு உடுத்தாமல் வந்ததுபோல் இருந்தது. பனி விலகி, செடியெல்லாம் இளம்பச்சையாய் மினுங்கின. பெண்கள் சுற்றி நின்று சேலையைப் பிடித்து மறைக்க, அவள் பாறையோரம் உட்கார்ந்து பீச்சினாள். "ஒரு கூடைக்குக் காணுமாட்டி?" என்று யாரோ கேட்க, கங்காணி பிச்சைமணி திரும்பிப் பார்க்காமலே, "ஏ, அங்க என்ன மாநாடு?" என்று சத்தம் போட்டார். "ஒமக்கு வேண்டியது ஒண்ணுமில்ல வே, முன்னால பாரும்," என்றாள் சாந்தம்மாள். மலையே சிரித்தது. பூமாரி ஆறு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் மனிதர்களோடு இருப்பதுபோல் உணர்ந்தாள்.

காலை லாரியில் போன புட்டி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. மத்தியான லாரி எடைக் கொட்டகையில் நின்றது. எஸ்டேட் துரை வந்து கொழுந்தில் முற்றின இலை கலந்திருப்பதாகச் சொல்லி, மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டச் சொல்லிவிட்டார். வெயில் ஏறியது. அழகுமலை புட்டியை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தான். வேறு என்ன செய்வான்? இரண்டரை மணி நேரம் கழித்து லாரி பேக்டரிக்கு வந்தபோது பால் திரிந்திருந்தது. அன்னமேரியம்மாள் மோந்து பார்த்துவிட்டு அதைக் கீழே ஊற்றினார். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். சாயந்தர லாரி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டு, சாலையில் மண் சரிந்துவிட்டது. பூமாரி மழையில் நாலு மைல் நடந்து வந்து சேர்ந்தாள். ரவிக்கை முன்புறம் முழுவதும் நனைந்திருந்தது. மழையால் மட்டும் அல்ல.

செவ்வாய்க்கிழமை காலை தராசு ஆயிரத்து எழுநூறு காட்டியது.

"இருபது கொறஞ்சிட்டு," என்றார் அன்னமேரியம்மாள். மக்ளே என்ற சொல் அன்று அவர் வாயில் வரவில்லை. "இது ஒரு நாளைக்கு. தாங்கிட்டான். இன்னொரு நாள் தாங்குவானான்னு எனக்குத் தெரியாது."

பூமாரி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அவன் அழவில்லை. அழுவதற்குக்கூட எடை வேண்டும்போல் இருந்தது.

செவ்வாய்தோறும் டாக்டர் ஐயா தலைமை ஆபீஸிலிருந்து ஜீப்பில் வருவார். நோய் லீவுக் காகிதங்களை எடுத்துக்கொண்டு பெரிய கிளார்க்கும் அங்கே வந்துவிடுவார். பத்து மணிக்கு இருவரும் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்திருக்க, பூமாரி போய் நின்றாள். அன்னமேரியம்மாள் தட்டோடு சுவரோரம் நின்றிருந்தார்.

"ஐயா, எம் பிள்ள அஞ்சு மாசம் இல்ல. ஏழு மாசம். நாந்தான் தள்ளிச் சொன்னேன்."

டாக்டர் ஐயா பேனாவை வைத்தார். அவர் கேட்டது அவளை அல்ல.

"சிஸ்டர், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமலா எழுதினீர்கள்?"

அன்னமேரியம்மாள் தட்டில் இருந்த கத்தரிக்கோலை எடுத்துத் துணியில் துடைக்கத் தொடங்கினார்.

"பாக்க வந்தாக ஐயா," என்றாள் பூமாரி அவசரமாக. "நாந்தான் வெக்கமா இருக்குன்னு விடல. ஒவ்வொரு தரமும் ஒவ்வொண்ணு சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன். அவுகமேல குத்தமில்ல."

உண்மையைச் சொல்ல வந்தவளுக்கு அதைக் காப்பாற்ற இன்னொரு பொய் வேண்டியிருந்தது. அன்னமேரியம்மாள் அவளை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

"இப்படி மாதத்தை மாற்றிச் சொன்னவர்கள் வேறு யார் யார்?" என்றார் டாக்டர் ஐயா.

"எனக்குத் தெரியாது ஐயா."

அவர் புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்து, அதிலிருந்த பெயர்களைப் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"நாளைக்கு இத்தனை பேரும் வர வேண்டும், சிஸ்டர். தொட்டுப் பார்த்து, நீங்களே கணக்குப் போட்டு எழுதுங்கள். அடுத்த செவ்வாய் நான் ஒத்துப் பார்ப்பேன்."

கிளார்க் ஐயா ஒரு காகிதத்தை நீட்டினார். "ஒரு மாசம் லீவு. பேரு வெட்டாது. வீடு இருக்கும். ஆனால் பொய் சொன்னதால் சம்பளம் இல்லை. மனசிலாயோ? ஒப்பிடு."

பூமாரி கட்டை விரலை மையில் ஒற்றி வைத்தாள்.

சுருளிவேல் அன்று மத்தியானமே கம்பம்மெட்டுக்குப் புறப்பட்டான். ஏலத்தோட்டத்தில் களை வெட்டக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பளமில்லாத ஒரு மாதத்துக்கு அது ஒன்றுதான் வழி.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம காசு குடுத்து விடுறேன்," என்றான். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வாசலிலிருந்தே பெட்டியைப் பார்த்தான். பெட்டியின் பலகைதான் தெரிந்தது. "நீ லயத்துப் பக்கம் போகாத புள்ள. கொழாயடியில பேச்சு நல்லால்ல."

புதன்கிழமை காலையிலேயே வராந்தாவில் பேச்சுக்குரல் கேட்டது. பூமாரி கதவை ஒருக்களித்துப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வேலைக்குப் போகிற உடுப்பில், இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டியபடியே வந்திருந்தார்கள். ஒருத்தியும் அந்தக் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த அறையில் அன்னமேரியம்மாளின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "படு. காலை மடக்கு. மூச்ச விடு." கொஞ்சம் பொறுத்து, "ஆறு மாசம் முடிஞ்சிருக்கு. நாளையிலருந்து நாற்றங்கால்." மறுபடி, "படு. காலை மடக்கு."

ஒருத்தி அழுதாள். ஒருத்தி, "நீங்களும் பொம்பளதான நர்ஸம்மா," என்றாள். அன்னமேரியம்மாள், "எனக்கும் வேலை வேணும் மக்ளே," என்றார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கதவு திறந்தது. சாந்தம்மாள். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. சேலையைச் சரியாகச் செருகாமல் ஒரு கையால் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

"மதினி, நா யாரு பேரையும் சொல்லல."

"தெரியும்."

"பிள்ள இருபது கொறஞ்சு போனான் மதினி. ஒரே நாளுல."

"அதுவும் தெரியும். நர்ஸு சொன்னா." சாந்தம்மாள் பெட்டியைப் பார்த்தாள். எட்டிப் பார்க்கவில்லை, நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். "எத்தன நாளு குடுத்தாக ஒனக்கு?"

"முப்பது."

"நாளையிலருந்து எனக்கு மண்ணு நெரப்புற வேல. சீசன் முடிய இன்னும் முப்பது நாளுதான் இருக்கு ஏட்டி." குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்கிறவளைப்போல் சொன்னாள். "ஆபீஸ்காரன் அவன் கையிலருந்து ஒண்ணும் குடுக்கல. என் முப்பதத்தான் எடுத்து ஒனக்குக் குடுத்துருக்கான். வாங்கிட்டல்லா, வீணாக்காம பிள்ளைய வளத்து எடு."

பூமாரிக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாம் கடனுக்கோ நன்றிக்கோ ஆனவை. இதற்கு ஆனது எதுவும் இல்லை.

சாந்தம்மாள் கதவைச் சத்தமில்லாமல், குழந்தை தூங்குகிற வீட்டுக் கதவைச் சாத்துவதுபோல் சாத்திவிட்டுப் போனாள். வராந்தாவில் அன்னமேரியம்மாள் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.